‘ங்கோ’ இல்லாத குரல்

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால், தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுகிற ஆள் நான். நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். இதை வாசித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன், ஆனால் என் காதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அக்காவின் மகள் மதுரா. கணக்காளர் வேலை, குவேக்கர்ஸ் ஹில்லில் அக்கா வீட்டில் தனி அறை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு பழைய வானை வாங்கி, உள்ளே மெத்தை போட்டு, ப்ளூ மவுன்டன்ஸ் பக்கம் போய்விட்டாள். கேட்டால் மலை ஏறுகிறாளாம். நாங்கள் படியேறிப் போய்க் கும்பிடுகிற மலை இல்லை. சுவர் மாதிரி நிற்கிற பாறையை விரல் நுனியால் பிடித்து ஏறுவது.

அக்கா ஒருநாள் கிரவீனில் இருக்கிற என் வீட்டுக்கே வந்து கதிரையில் இருந்து அழத் தொடங்கிவிட்டாள்.

“மகள் எங்க எண்டு சனம் கேக்குதடா. வானில எண்டு சொன்னா, பைலட்டோ எண்டு கேக்குதுகள்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

“அவளோட ஆரோ ஒருத்தன் இருக்கிறான். இல்லாட்டி ஒரு பொம்பிளைப்பிள்ளை ஏன் தெருவில படுக்கவேணும்? நீ போய்ப் பார். ஏலுமெண்டா கையோட கூட்டிக்கொண்டு வா.”

கடைகளுக்குச் சாமான் இறக்குவதுதான் என் வேலை. வானுக்குள் அரிசி மூட்டை ஏற்றியிருக்கிறேன், ஆள் குடியிருந்து பார்த்ததில்லை. லீவு எடுத்துக்கொண்டு போனேன். காட்டோரம் மண் தரையில் அவளுடைய வான் மட்டும் நின்றது. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

“என்ன மாமா, சிஐடி வேலையோ? அம்மா அனுப்பினவவோ?”

“சும்மா வந்தனான் பிள்ளை.”

சும்மா இல்லை. அவள் தேத்தண்ணி ஊற்றுகிற நேரம் என் கண் முழுக்க இரண்டாவது தலையணையைத் தேடியது. பெரிய சப்பாத்துச் சோடி ஒன்று கிடந்தது. ஆம்பிளைச் சப்பாத்து என்று முடிவே கட்டிவிட்டேன்.

“அது என்ரதான் மாமா. குளிருக்கு ரெண்டு சொக்ஸ் போட்டால் இதுதான் அளவு.”

நம்பவில்லை. ஏன் பிள்ளை இந்தச் சீவியம் என்று கேட்டேன்.

“வாடகைக்கு உழைச்சா சனி ஞாயிறு மட்டும்தான் ஏறலாம் மாமா. அண்டைக்குத்தான் மழையும் பெய்யும். இதுக்குள்ள இருந்தா கல்லு காய்ஞ்ச உடன ஏறலாம். செலவில்லாட்டி கொஞ்ச வேலை காணும். மிச்ச நாள் எல்லாம் எனக்கு. அவ்வளவுதான், வேற ஒண்டுமில்லை.”

சொல்லும்போது முகத்தில் ஒரு களை. அக்கா வீட்டில் அதை நான் கண்டதேயில்லை. இருந்தாலும் ‘வேற ஒண்டுமில்லை’ என்று அவள் தானாகச் சொன்னது எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு அவளோடு ஏற இருந்தவருக்குக் காய்ச்சலாம். யார் அந்த ஆள் என்று கேட்டேன். ஹெலன், அறுபது வயது என்றாள். அதையும் நம்பவில்லை. பிறகு, கயிறு பிடிக்க நீங்கள் வாங்கோ என்று என்னையே கூட்டிக்கொண்டு போனாள்.

பாறையின் பின்பக்கத்தால் நடந்து உச்சிக்குப் போய், அங்கே கல்லில் அடித்திருந்த சங்கிலியில் கயிற்றைக் கோத்துவிட்டு இறங்கிவந்தாள். ஒரு நுனி அவளுடைய இடுப்பில். மற்றப் பக்கம் என் இடுப்புப் பட்டியில், கயிற்றைக் கவ்விப் பிடிக்கிற ஒரு சின்ன இரும்புச் சாமானுக்குள். அவள் ஏற ஏற நான் தளர்ந்த கயிற்றை இழுக்கவேண்டும். தாழ்வாக ஏறவைத்துத் திரும்பத் திரும்பப் பழக்கினாள்.

“ரெண்டே சொல்லுத்தான் மாமா. ‘பிடியுங்கோ’ எண்டா இறுக்குங்கோ. மேல போய் என்னைச் சங்கிலியில கட்டினாப் பிறகு ‘விடுங்கோ’ எண்டு கத்துவன், அப்ப கயிற்றைக் கழற்றலாம். இங்கிலீஷில கத்தினா பக்கத்தில ஏறுறவையின்ர சத்தத்தோட குழம்பிப்போகும். தமிழில இங்க ஆர் கத்தப் போகினம்?”

பாதிக்கு மேல் ஏறியிருப்பாள், பள்ளத்தாக்கிலிருந்து பனிப்புகார் எழும்பிவந்து பாறையை மூடிவிட்டது. நல்ல பகல். கயிறு மட்டும் வெள்ளைக்குள் போய் மறைந்தது. அது மெல்ல மெல்ல நகர்ந்தது, பிறகு நின்றது.

“விடு.”

மதுராவின் குரல். தெளிவாக, மேலேயிருந்து. கயிற்றைக் கழற்ற என் கை அந்த இரும்புச் சாமானுக்குப் போய்விட்டது. சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, அந்த இடத்தில் எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். பிறந்த நாள் தொட்டு என்னை வாங்கோ போங்கோ என்று கதைத்த பிள்ளை, தாய்மாமனைப் பார்த்து ‘விடு’ என்கிறாள். சரி, பிடிபட்டாய், அவனோடு கதைக்கிற பழக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று நினைத்தேன்.

“விடு, விடு.”

ஒழுங்காகச் சொல்லட்டும், பிறகு விடுவோம் என்று வீம்புக்கு இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அடுத்த மூச்சில் கயிறு என்னை முன்னால் இழுத்துப் பாறையோடு அடித்தது. அவள் விழுந்துவிட்டாள். கயிறு தாங்கியது. கத்திக்கொண்டே மெல்ல மெல்ல இறக்கினேன். புகாருக்குள்ளிருந்து அவளுடைய கால் தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. முழங்கை உரசியிருந்தது, வேறு காயம் இல்லை.

“ஏனடி விடு விடு எண்டு கத்தினனீ? நான் விட்டிருந்தால்?”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“நான் வாயே திறக்கேல்ல மாமா. மேல போய்ச் சேரவுமில்லை. நீங்கள்தானே கத்தினனீங்கள்?”

“நானோ? என்னெண்டு?”

“‘கையை விடு பிள்ளை, நான் பிடிச்சிருக்கிறன்’ எண்டு. கை சோர்ந்துபோய் நிண்டனான். உங்கட குரலைக் கேட்டுத்தான் விட்டனான்.”

அவள் மேலே நின்ற நேரம் நான் ஒரு சொல்லும் கத்தவில்லை. கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் காடுகளில் லயர்பேர்ட் என்று ஒரு பறவை, கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்லுமாம். அதுதான் என்று என் கூட்டாளி ஒருவர் அடித்துச் சொன்னார். இருக்கட்டும். கேட்டதைத்தானே திருப்பிச் சொல்லும்? அவள் என்னிடம் ‘விடு’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் அவளிடம் ‘கையை விடு’ என்று அன்றைக்குச் சொல்லவே இல்லை. ஒரே நேரத்தில் அவளைக் கையை விடச் சொல்லி என்னைக் கயிற்றை விடச் சொல்ல, எந்தப் பறவைக்கு அந்தக் கணக்குத் தெரியும்?

அக்காவிடம், பிள்ளை தனியத்தான் இருக்கிறாள், சந்தோசமாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். மதுரா வானைக் கிளப்பிக்கொண்டு வேறு மலைப் பக்கம் போய்விட்டாள். இப்போதும் ஏறுகிறாள், கத்துவதில்லை, விசில்தான்.

அவளுக்கும் சொல்லாத ஒன்று உண்டு. அன்றைக்குச் சாமான்களைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் வானுக்குத் திரும்பி நடந்தோம். அவள் என் பக்கத்தில், உதட்டைக் கடித்துக்கொண்டு, பேசாமல் வந்தாள். எங்களுக்குப் பின்னால், பாறைப் பக்கமிருந்து, அவளுடைய குரல் மிகப் பணிவாகக் கேட்டது.

“விடுங்கோ, மாமா.”