வேப்பிலை இருக்கட்டும், வாய்க்குள் பாருங்கள்

போன செவ்வாய்க்கிழமை அன்னவாசலில் தம்பி வீட்டுக்குப் போனேன். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. எனக்குப் பகீரென்றது.

"உள்ள வராதக்கா... பாப்பாவுக்கு முத்து போட்டிருக்கு" என்றான் தம்பி, படியில் நின்றபடியே.

எங்கள் பக்கத்தில் அம்மை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முத்து என்பார்கள், அம்மா வந்திருக்கா என்பார்கள். அப்புறம் மருந்து கிடையாது, ஊசி கிடையாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை குழந்தை வாசலைத் தாண்டக் கூடாது. தம்பி யார் தெரியுமோ? அறிவியல் வாத்தியார்! நுண்ணுயிர்கள் பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறவன். வீட்டில் வேறு சிலபஸ் போலிருக்கிறது.

அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது, என்ன பயம்?

மூன்று வயது யாழினி பாயில் சுருண்டு கிடந்தாள். என்னைப் பார்த்தால் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, அன்று கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இளநீர், மோர், கேப்பைக் கூழ் – எதையும் தொடவில்லை.

"ரெண்டு நாளாக் காய்ச்சல் அண்ணி. காலையிலேருந்து ஒரு வாய் இறங்கல. கிட்ட கொண்டு போனாலே அழுவுறா" என்றாள் தம்பி மனைவி செல்வி.

"ஒண்ணுக்குப் போனாளா?"

செல்வி யோசித்தாள். "நேத்து ராத்திரி போனது..." சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது. மணி அப்போது பதினொன்று.

குழந்தையின் கையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள், சின்னக் கொப்புளங்கள். உள்ளங்காலிலும் அப்படியே. வயிறும் முதுகும் சுத்தமாக இருந்தன. அம்மை இப்படியா போடும்?

"கெளம்புங்க. புதுக்கோட்டைக்குப் போவோம்."

"சாமி குத்தமாயிரும்க்கா. நாளைக்குத் தண்ணி ஊத்திட்டு..."

"வேப்பிலை வாசல்லயே இருக்கட்டும்டா. அதை யாரும் கழட்டச் சொல்லல. புள்ள மட்டும் என்கூட வரட்டும்!"

அவன் பதில் சொல்வதற்குள் செல்வி குழந்தையைத் துண்டால் போர்த்தித் தூக்கிக்கொண்டாள். வாத்தியார் போய் ஆட்டோ கூட்டி வந்தார்.

புதுக்கோட்டையில் குழந்தைகள் டாக்டரம்மா யாழினியின் உள்ளங்கை, உள்ளங்கால், முழங்கால் எல்லாம் பார்த்தார். வாய்க்குள் டார்ச் அடித்தார்.

"இங்க பாருங்க. நாக்குலயும் அண்ணத்துலயும் எவ்வளவு புண்ணு! எச்சி முழுங்கவே வலிக்கும், புள்ள எப்படிங்க தண்ணி குடிக்கும்?" என்றார். "சின்னம்மைன்னா பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, மூஞ்சின்னு ஆரம்பிக்கும். இது கை, கால், வாய்னு மூணையும் பிடிக்கிற நோய். என்டரோவைரஸ்னு ஒரு வைரஸ் கூட்டம், அதோட வேலை. இதுக்கு ரத்தப் பரிசோதனைகூட வேணாம், பார்த்தாலே தெரியுது."

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. தூக்கத்தில் திடுக் திடுக்கென்று தூக்கிப் போடுகிறதா? விடாமல் வாந்தியா? மூச்சு வாங்குகிறதா? நடையில் தள்ளாட்டமா? நல்லவேளை, எதுவும் இல்லை. இதில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம்.

"ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போட்டுருங்களேன் டாக்டர்" என்றான் தம்பி.

"வைரஸை அது ஒண்ணும் பண்ணாது சார். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், எடைக்குத் தகுந்த அளவு. மத்தபடி தானாவே ஒரு வாரம், பத்து நாள்ல சரியாயிரும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், தண்ணி உள்ள போகணும். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருங்க. அஞ்சு மணிக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னா அட்மிஷன் போட்டு டிரிப்ஸ் ஏத்தணும்."

ஊசி போடாத டாக்டரை நம் ஊரில் யார் நம்புகிறோம்? தம்பி முகத்தில் திருப்தியே இல்லை. "சில்லுன்னு ஐஸ்கிரீம் கூடக் குடுக்கலாம், புண்ணுக்கு எதமா இருக்கும்" என்று அவர் சொன்னதும் ஆடியே போய்விட்டான். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஐஸ்கிரீமா!

வாங்கிவர அவனைத்தான் அனுப்பினேன்.

மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து ஆரம்பித்தோம். ஒரு ஸ்பூன் ஓ.ஆர்.எஸ். கரைசல், இரண்டு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஒரு ஸ்பூன். துப்பினாள். விடவில்லை. அழுதாள். விடவில்லை. செல்வி கை ஓய்ந்தால் நான், நான் ஓய்ந்தால் தம்பி. நடுவில் ஐஸ்கிரீமை நாக்கு நுனியில் வைத்தோம். சப்புக்கொட்டினாள்! அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இடையில் யாழினி போகிற அங்கன்வாடியின் டீச்சருக்குப் போன் போட்டேன். "இங்க ரெண்டு புள்ளைகளுக்கு இதே மாதிரி இருக்குங்க. அம்மான்னு வீட்ல வச்சிருக்காங்க" என்றார். அவர்கள் வாயையும் பார்க்கச் சொல்லி, தண்ணீர் இறங்குகிறதா என்று கேட்கச் சொன்னேன். எச்சிலிலும் மலத்திலும் பரவுகிற கிருமி இது. வெளிக்குப் போன பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டால் நம் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொப்புளம் ஆறின பிறகும் பல வாரம் இந்தக் கவனம் வேண்டுமாம்.

மூன்று மணி. நான்கு மணி. நர்ஸ் வந்து வந்து கேட்டுவிட்டுப் போனார். நாலரைக்கு டிரிப்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். செல்வி அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் யாழினியை மடியில் போட்டுக்கொண்டு அடுத்த ஸ்பூனை நீட்டினேன்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மடியில் வெதுவெதுவென்று ஏதோ பரவியது.

"ஒண்ணுக்குப் போயிட்டாடா!" என்று நான் கத்திய கத்தலில் டாக்டரே ஓடிவந்தார். அறிவியல் வாத்தியார் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

புதுச் சேலைதான்... நனையட்டுமே!