மலாக்காவுக்கு முன்னால் போன மூட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். நான் படித்தது கொஞ்சம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறியவன். கடிதாசி எழுதுவேன், பாராயணப் புஸ்தகம் தடங்கலில்லாமல் வாசிப்பேன், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய தயக்கம் என் அக்காவை நினைத்து. இந்த விஷயத்தைக் காகிதத்தில் இறக்கினால் முடிந்துபோன கதை மாதிரி ஆகிவிடும். அவளுக்கோ அது முடியவே இல்லை. எத்தனையோ தடவை பிள்ளையார் சுழி போட்டுவிட்டு மூடி வைத்திருக்கிறேன். இப்போது அக்காவும் பகவானிடம் போய்விட்டாள். இனி என்னைவிட்டால் முழுசாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அக்காவின் புருஷன், எங்கள் அத்திம்பேர், மலாக்காவில் ஒரு ரப்பர் கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணமான கையோடு கப்பலேறினார். வீடு பார்த்துவிட்டு அக்காவை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்குள் சண்டை வந்துவிட்டது. அக்கா மாதுங்காவில் எங்களோடு வந்து இருந்தாள். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, மாடியில் நாலு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு குழாய். நான் குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் ரூமில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன்.

அத்திம்பேர் முன்னே எழுதிய கடிதங்களில் அந்த ஊரைப் பற்றித்தான் நிறைய இருக்கும். ஆறு கடலில் சேருகிற இடத்தில் டச்சுக்காரன் கட்டிய சிவப்புக் கட்டடங்கள். குன்றின்மேல் கூரை போன மாதாகோவில். போர்ச்சுகீசியன் கோட்டையில் ஒரு வாசல் மட்டும் மிச்சம். சீனர்கள் தெருவுக்கு நடுவே நம் பிள்ளையார். அக்கா அதையெல்லாம் பார்த்தவள் மாதிரியே பேசுவாள். மார்க்கெட்டில் வழி தப்பினால்கூட, "மலாக்கான்னா ஆத்தைத் தாண்டினதும் பிள்ளையார் தெரிஞ்சுடுவார், இங்கே எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்பாள்.

சண்டைக்காலத்தில் ஒரு வரி கூட வரவில்லை. சண்டை முடிந்த பிறகும் வரவில்லை. மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவர், அந்தக் கம்பெனி ஆட்களில் சிலரை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனான் என்றார். அத்திம்பேரைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இது ஊருக்கு எட்டி, அக்காவின் மாமனார் கிளம்பி வந்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஒரே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் கருகிக்கொண்டிருந்தவர். காணாமல் போனவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கர்மம் பண்ணுகிற வழக்கம் எங்களில் உண்டு. அதைத் தன் கண் மூடுவதற்குள் செய்துவிட வேண்டும் என்றார். அது நடந்தால் அக்காவுக்குத் தாலி இல்லை, நெற்றியில் குங்குமம் இல்லை.

"அவன் போய்ட்டான்னு நான் சொல்லலை. தாகத்துக்கு ஒரு கை ஜலம் விட ஆளில்லாமே அலையறானோன்னுதான்..." என்றார் அவர்.

சமையற்கட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "தாகம்னா அவர் கேட்டிருப்பாரே! காப்பி சித்த லேட்டானா நாலாம் வீட்டுக்குக் கேக்கறாப்பலே கூப்பிடற மனுஷர். வாயை மூடிண்டு அலையற ஜாதியா உங்க பிள்ளை?"

கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கண்ணும் நிறைந்துவிட்டது.

"யாராவது அங்கே போய்ப் பார்த்துட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். மாளய அமாவாசை வரைக்கும் பொறுத்துக்கறேன்" என்றார்.

"நான் போறேன்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. எங்கே போகிறேன், எப்படிப் போகிறேன், ஒன்றும் தெரியாது. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி ஒர்க்‌ஷாப்பில் கடைசல் பிடிக்கிற பாய்தான். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், செம்பூரில் வீடு. அவருடைய மச்சானுக்கு மலாக்காவில் கடை இருந்தது. சண்டைக்கு முன்னால் ஊருக்கு வந்த மச்சான் திரும்பப் போக முடியாமல் செம்பூரிலேயே தங்கியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் பாய் ஓர் இரும்புத் தகட்டில் சாக்பீஸால் கடல்வழியை வரைந்தார்.

"இங்க பாரும் அய்யரே. இது மெட்ராஸ். இங்கன கப்பல் ஏறணும். இது பினாங்கு. எறங்கி ரயில்ல தம்பின்ங்கிற ஊரு வரைக்கும் போவணும். அங்கேருந்து மலாக்காவுக்கு முன்னால ரயிலு உண்டும். இப்பம் கெடையாது. தண்டவாளத்தையே ஜப்பான்காரன் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டானாம்."

"அப்போ நடக்கணுமா?"

"பஸ்ஸு இருக்கும் வே. நீரு தயிர்சாதம் தின்னுட்டு எங்க நடக்கப்போறீரு!"

மத்தியானம் யாரோ அந்தத் தகட்டை எடுத்து வெட்டிவிட்டார்கள். பினாங்கு ஒரு துண்டிலும் மலாக்கா ஒரு துண்டிலும் போயிற்று. நான் மனசிலேயே அந்த வழியை உருப்போட்டுக்கொண்டேன். வீட்டில் என் மனைவி புளிக்காய்ச்சல் கிளறினாள். கப்பலில் யார் சமைத்ததையோ நான் சாப்பிடக் கூடாதாம். எங்கள் வாத்தியார், அதாவது எங்களுக்குப் புரோகிதம் பண்ணுகிறவர், சமுத்திரம் தாண்டினால் வந்து பிராயச்சித்தம் பண்ணிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். பம்பாய்க் கோட்டைப் பக்கத்தில் இருந்த கப்பல் ஏஜெண்டு ஆபீசில் மட்டும், "பார்க்கலாம், அடுத்த வாரம் வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். வாத்தியார் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, வருகிற புதன்கிழமை கிழக்கே பிரயாணத்துக்கு நல்ல நாள், அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், பிறகு வெகுநாள் கிடையாது என்றார். நல்ல நாளில் புறப்பட முடியாதவர்கள் பரஸ்தானம் வைப்பார்கள். பிரயாணம் போகிறவரின் துணிமணியில் ஒன்றை மூட்டையாகக் கட்டி, போகிற திக்கில் இன்னொருத்தர் வீட்டில் கொண்டு வைத்துவிட்டால் புறப்பட்டுவிட்டதாகவே கணக்கு. சில நாளுக்குள் ஆள் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். மூட்டையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் பிரயாணம் ரத்து, அபசகுனமும் கூட. டிக்கெட் கைக்கு வரட்டும் என்று நாங்கள் காத்திருந்திருக்க வேண்டும். எங்களுக்கு டிக்கெட்டைவிட நாள் பெரிதாகப் பட்டது.

கிழக்கே எங்களுக்கு யாரைத் தெரியும்? தெரிந்தவர்கள் அத்தனை பேரும் மாதுங்காவிலேயே அடுத்தடுத்த மாடிகளில் இருந்தார்கள். கிழக்கே இருந்தது செம்பூர். செம்பூரில் இருந்தது பாய் வீடு.

"அவாத்திலயா?" என்று மாமனார் இழுத்தார்.

"அந்த ஊர்லே அவாத்து மனுஷாளுக்குக் கடை இருக்கு. நம்மவாளுக்கு என்ன இருக்கு?" என்றாள் அக்கா.

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தோம். அவர் மூக்குப்பொடியை உதறினார். "சாஸ்திரத்திலே திக்குதான் சொல்லியிருக்கு, யார் ஆத்திலேன்னு சொல்லலை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

மூட்டையை அக்காவே கட்டினாள். மஞ்சள் துணியில் அட்சதை, மஞ்சள் கிழங்கு, விபூதி, அத்திம்பேருக்கென்று ஒரு புது ஒன்பதைந்து வேஷ்டி. என் துணியையும் அதில் வைத்திருப்பாள் என்று நான் நினைத்தேன், கேட்கவில்லை. புதன்கிழமை காலை சுவாமிக்கு விளக்கேற்றி, அதைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பாய் வீட்டு அம்மாள் கை கால் கழுவிக்கொண்டு வந்து வாங்கி, உத்தரத்தில் ஒரு கொக்கியில் மாட்டினாள். பிள்ளைகளை அந்தப் பக்கமே அண்டவிடவில்லை.

"ஒம்ம மூட்டைக்கு எங்க வீட்டுல என்னையவிட மரியாத சாஸ்தி" என்றார் பாய். "அதுக்குக் கீழ உக்காந்து சுருட்டுக் குடிக்கக் கூடாதாம். வெளிய போயிக் குடிக்கேன்."

அடுத்த வாரம் ஏஜெண்டு ஆபீசில் என்னை உட்காரச் சொன்னார்கள். மலேயாவுக்குப் போக அனுமதி வேண்டும். அனுமதி வேண்டுமானால் அங்கே இருக்கிற உறவுக்காரரோ வேலை கொடுப்பவரோ கூப்பிட்டு எழுதியிருக்க வேண்டும்.

"அங்கே யார் இருக்கா உனக்கு?" என்று அந்த மராட்டிக் குமாஸ்தா ஹிந்தியில் கேட்டார்.

"என் அக்கா புருஷர்."

"அப்போ அவரை எழுதச் சொல்லு."

அவர் கேலி செய்யவில்லை. விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் அவரால் ஒன்றும் ஆகாது. இன்னும் இரண்டு இடம் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் அதே பதில். தேடப் போகிறவனைத் தொலைந்தவர் கூப்பிட வேண்டும். டிராமில் திரும்பும்போது ராம ராம என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

பாயின் மச்சானுக்கு மட்டும் சொந்தக் கடை இருந்ததால் அனுமதி வந்துவிட்டது. எனக்கு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவருவதைத் தவிர வழி இல்லை. செம்பூர் போகக் கிளம்பினபோது அக்காவும் கூட வந்தாள். பாய் ஏற்கெனவே மூட்டையை இறக்கி ஒரு விரிப்பின்மேல் வைத்திருந்தார். நான் கையை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பி வந்தாத்தானே ரத்து? முன்னாலே போனா நடந்துண்டிருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள். பிறகு பாயின் மச்சானைப் பார்த்து, முகத்தை நேரே பார்க்காமல், "அண்ணா, இதை நீங்க எடுத்துண்டு போகணும். அவர் இருந்தா அவர்கிட்டே கொடுங்கோ. தெரியலைன்னா ஆத்தைத் தாண்டி இருக்கற பிள்ளையார் கோவில்லே வைச்சுடுங்கோ" என்றாள்.

அவர் தம் தங்கையைப் பார்த்தார். பாய் வீட்டு அம்மாள் அண்ணனிடம் சொன்னாள்: "எடுத்துட்டுப் போங்க காக்கா. பொம்பள கேக்கா."

அப்படித்தான் மூட்டை கப்பலேறியது. நான் ஏறவில்லை.

மாளய அமாவாசைக்கு முன்தினம் மாமனார் தர்ப்பைக் கட்டு வாங்கிவந்துவிட்டார். வாத்தியாரும் வந்து உட்கார்ந்தார். என் மனைவி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். போகிறேன் என்று சொன்ன நான் சுவரோடு நின்றேன்.

அக்கா குளித்து, குங்குமம் இட்டுக்கொண்டு வந்து வாத்தியார் முன் நின்றாள்.

"பரஸ்தானம் வைச்சது திரும்பி வரலை. அப்போ பிரயாணம் நடந்துண்டிருக்கா, முடிஞ்சுடுத்தா?"

"திரும்பலைன்னா... நடந்துண்டிருக்குன்னுதான் சொல்லணும்" என்றார் வாத்தியார். "ஆனா உன் தம்பி இங்கேயே நிக்கறானே?"

"அவன் புறப்பட்டான்னு யார் சொன்னா? மூட்டையிலே இருக்கறது என் கூறைப்புடவை."

வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர்கிட்டே போறதுக்குப் புறப்பட்டவ நான். நல்ல நாள் நீங்கதான் பார்த்துக் கொடுத்தேள். ஆத்துக்காரரைப் பார்க்கப் பாதி வழி போயிண்டிருக்கறவளை நிறுத்தி, தாலியைக் கழட்டுன்னு சொல்ல உங்க சாஸ்திரத்திலே இடம் இருந்தா சொல்லுங்கோ. கழட்டறேன்."

வாத்தியார் பஞ்சாங்கத்தைத் திறந்தார், மூடினார். மாமனாரைப் பார்த்து, "எனக்கு இடம் தெரியலை, ஸ்வாமி" என்றார். அந்தத் தர்ப்பையில் உருவம் செய்யப்படவில்லை.

மறுநாள் மொட்டை மாடியில் மாமனார் தம் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் பண்ணினார். கடைசியில், யாருமற்றுப் போனவர்களுக்கென்று பெயர் சொல்லாமல் ஜலம் விடுவது உண்டு. அந்த இடத்தில் அவர் கை வெகுநேரம் நின்றது. பாத்திரத்தில் இருந்த ஜலம் முழுவதையும் விட்டார். நான் பார்த்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவரும் சொல்லாமலே ஊருக்குத் திரும்பினார்.

பல மாதம் கழித்து மச்சானிடமிருந்து பாய்க்குக் கடிதம் வந்தது. கம்பெனிக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துவிட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை, மூட்டையைக் கோவிலில் கொடுத்தேன், குருக்கள் பத்திரமாக மேலே எடுத்து வைத்தார் என்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அக்கா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். "ஆத்தைத் தாண்டித்தானே கோவில்?" என்று கேட்டாள். பாய், "ஆமாம்மா, தாண்டித்தான்" என்றார். அவர் அந்த ஊரைப் பார்த்ததே கிடையாது.

அதற்கப்புறம் அக்கா எங்களோடு பல வருஷம் இருந்தாள். ஏதாவது ஒரு வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போடச் சொன்னால், "நாளைக்கு நான் இங்கே இருக்கேனோ என்னமோ, புறப்பட்டவளாச்சே" என்று சிரிப்பாள். குங்குமத்தோடுதான் போனாள். அத்திம்பேர் இருந்தாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் மலாக்காவுக்குப் போகவும் இல்லை. தினமும் விளக்கேற்றும்போது கடல்தாண்டி ஒரு பிள்ளையாரிடம் இருக்கிற அந்த மூட்டையையும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.

இப்போது எங்கள் ஜனங்கள் இதை இஷ்டத்துக்குச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். ஊரில், அத்திம்பேர் அந்த வேஷ்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார் என்கிறார்களாம். மாதுங்காவிலேயே ஒருத்தர், மூட்டையைத் திருப்பாததால்தான் அத்திம்பேர் உயிர் போயிற்று என்று என்னிடமே சொன்னார். இரண்டும் நடக்கவில்லை. வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவரை வரவழைக்கவும் வேண்டாம், அனுப்பிவைக்கவும் வேண்டாம். மூட்டை போயிற்று, வரவில்லை என்கிற இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அக்கா தன் ஆயுசு முழுக்க அந்த இடத்தில்தான் நின்றாள்.