போகவில்லை என்று சொல்லப் போனவர்

ஹமீது சுல்தான் இரண்டு வருடத்துக்காகத்தான் ஓமானுக்குப் போனார். அந்த இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை. இப்போது பதினேழாவது ஆண்டு.

தொண்டியில் அவருக்கு ‘இங்கிலீஷ் சார்’ என்று பெயர். ஓமானில் சூர் என்னும் கடற்கரை ஊரில், ஒரு தனியார் கல்லூரியில், முதலாண்டுப் பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறார். அங்கே ஜன்னலைத் திறந்தால் கடல், படகு, மீன் வாடை. தொண்டியில் ஜன்னலைத் திறந்தாலும் அதேதான். பிறகு எதற்கு விமானம் ஏறினீர்கள் என்று கேட்டால், அங்கே ஜன்னலைத் திறக்க வேண்டியதில்லை, ஏசி இருக்கிறது என்பார்.

அவர் நடத்தும் புத்தகத்தில் ஒன்பதாவது பாடம், ராஜினாமாக் கடிதம் எழுதுவது எப்படி. சார் அதை உருகி உருகி நடத்துவார். அவர் கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரிக் கடிதத்தை அப்படியே கொடுத்து, பழைய மாணவர்கள் மூன்று பேர் மஸ்கட்டில் பார்த்த வேலையை விட்டிருக்கிறார்கள். ஒருவன் நன்றி சொல்ல ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்தான்.

சாருடைய சொந்த ஒப்பந்தம் வேறு மாதிரி. வருடாவருடம் ஆகஸ்டில் கல்லூரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். தொடர விருப்பமில்லை என்றால் இன்ன தேதிக்குள் எழுதுங்கள், எழுதாவிட்டால் தொடர்வதாக எடுத்துக்கொள்வோம். பதினாறு ஆகஸ்டிலும் சார் எழுதவில்லை. இருக்கிறேன் என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இருந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இந்த வருடம் எழுதிவிடுவது என்று தீர்மானித்ததற்குக் காரணம் ஒரு டம்ளர்.

முதல் விடுமுறையில் வந்தபோது மஸ்கட்டிலிருந்து நீலப்பூ போட்ட கண்ணாடி கிளாஸ் ஆறு வாங்கி வந்தார். அவை ஷோகேஸில் இருக்கும். விருந்தாளி வந்தால் வெளியே வரும். வீட்டில் புழங்குவது எவர்சில்வர் டம்ளர்கள்தான். அதில் ஒன்று, மகள் ஹுமைரா நடை பழகும்போது போட்டுப் போட்டு நெளிந்துபோனது. இந்த ஜூலையில் சார் வந்து இறங்கியதும், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற அந்த ஹுமைரா தட்டில் வைத்து நீலப்பூ கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“எனக்கும் அந்த நெளிஞ்ச டம்ளர்லயே குடும்மா.”

“அய்யே, அது நாங்க குடிக்கிறது வாப்பா. நீங்க இதுல குடிங்க.”

சார் குடித்தார். தண்ணீர் இறங்கியது, அந்த வார்த்தை இறங்கவில்லை. மறுவாரமே திருவாடானையில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசினார். செப்டம்பரில் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். கல்லூரிக்குக் கடிதம் எழுத வியாழக்கிழமை கடைசி நாள்.

மனைவி ருக்ஸானாவிடம் சொன்னார். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல காரியம். இருந்துருங்க. ஆனா சொல்லாமக் கொள்ளாம இருந்துட்டா ஊர்ல தப்பா நினைப்பாக. சொந்தக்காரவுக வீட்டுக்கெல்லாம் ஒரு நடை போய்ச் சொல்லிட்டு வந்துருங்க” என்றார்.

இங்கேதான் காரியம் கெட்டது. கடல் தாண்டிப் போகிறவர் கிளம்புகிற வாரத்தில் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து, வெள்ளைச் சட்டை போட்டு, உறவுக்காரர் வீடுதோறும் போய்ப் ‘பயணம் சொல்ல’ வேண்டும் என்பது ஊர் வழக்கம். சொல்லாமல் போனால் அடுத்த விடுமுறைவரை முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். போகாமல் இருக்கப் போகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வழக்கம் எதுவும் கிடையாது. அதற்கு இதுவரை அவசியம் வரவில்லை. ஆகவே சார், ஆகஸ்ட் கடைசி வாரத்தில், அஸர் முடிந்து, வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினார்.

முதலில் ஜுனைதா மாமி வீடு. மாமி வாசலுக்கு வரும்போதே கையில் பார்சல் இருந்தது. மகன் சஃபீர் மஸ்கட்டில் இருக்கிறான்.

“வாங்க தம்பி. நீங்க இன்னைக்கி வருவீகன்னுதான் காலையில இருந்து கட்டி வச்சிருக்கேன். தொதல் அல்வா, நெய்மீன் கருவாடு, கொஞ்சம் மாசிக் கருவாடு. கருவாடு வாடை தெரியாது, ஏழு கவர் போட்டிருக்கேன்.”

“மாமி, நான் போகலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“போற நேரத்துல எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். எம் மகன் காருக்குள்ள ஏறி உக்காந்துகிட்டே போகலைன்னு அழுதான். அங்கன போய் இறங்கினா சரியாயிரும்” என்று மாமி அவர் தலையில் கைவைத்து துஆ ஓதத் தொடங்கினார். துஆவுக்கு நடுவில் எப்படி மறுத்துப் பேசுவது? ஆமீன் சொல்லிவிட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டார்.

அடுத்தது பாக்கர் மச்சான். இருபத்தெட்டு வருடம் துபாயில் இருந்து திரும்பியவர். புரிந்துகொள்வார் என்று சார் நம்பினார். மச்சான் முழுதும் கேட்டார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“வேலையில இருந்து எத்தனை பேரைத் தூக்கினான்?”

“யாரையும் தூக்கலை மச்சான். நானா விடுறேன்.”

“எங்கிட்ட என்ன மறைக்கிறீக? வேலையா, ஒடம்பா? சுகரா?”

“ரெண்டும் நல்லா இருக்கு.”

“ரெண்டும் நல்லா இருக்கிறவன் எதுக்கு மச்சான் ஊருக்கு வாரான்?” என்றார் பாக்கர் மச்சான். அவர் வந்ததே முட்டி தேய்ந்த பிறகுதான். அனுதாபத்தோடு அவரும் ஒரு பார்சல் கொடுத்தார், மஸ்கட்டில் இருக்கும் மருமகனுக்கு இடியப்ப மாவு. “ஒருவேளை போறாப்புல இருந்தா” என்று சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது வீடு, அண்ணன் முறையான அலியார் காக்காவுடையது. சார் போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது, வழியில் கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது. “பாஸ்போர்ட்ட புடுங்கிட்டான்னு சொன்னாக. அல்லா இருக்கான் தம்பி. மஸ்கட்ல நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், பேசச் சொல்லவா?”

அதன்பிறகு எட்டு வீடு. எந்த வீட்டிலும் சார் ஒன்றுமே சொல்லவில்லை. போனார், உட்கார்ந்தார், டீ குடித்தார், துஆவுக்குக் கையேந்தினார், பார்சலை வாங்கிக்கொண்டார். எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

வியாழக்கிழமை மதியம், ருக்ஸானா கொக்கித் தராசில் பையைத் தூக்கிப் பார்த்தார். முப்பத்துநாலு கிலோ.

“நாலு கிலோ கூட இருக்கு. தொதல எடுத்துக் கைப்பையில வைங்க.”

“ருக்ஸானா, நான் போகப் போறதில்லையே.”

“அப்ப பதினோரு வீட்டுக்கும் இதைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுங்க.”

சார் பையைப் பார்த்தார். ஏழு கவர் தாண்டியும் கருவாடு தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“எல்லா வீட்லயும் பயணம் சொல்லியாச்சு. இனிமே இங்கன இருந்தா எப்பிடி வெளிய தலை காட்டுவீக?”

“நான் பயணம் சொல்லலையே!”

“பார்சல் வாங்குனீகல்ல?” என்றார் ருக்ஸானா. இரண்டு நாளாக நான்கு பெண்கள் வந்து, உங்க வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லையே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்திருந்தார்கள்.

சார் மடிக்கணினியைத் திறந்தார். கடிதம் தயாராக இருந்தது. பழக்கதோஷத்தில் மார்க் போட்டுப் பார்த்தார். பத்துக்கு ஆறுதான் வந்தது. ‘விலகுவதற்கான காரணம்’ என்னும் பகுதி காலியாக இருந்தது. அது இல்லாவிட்டால் நான்கு மார்க் குறைப்பது அவருடைய சட்டம். அந்த இடத்தில் டம்ளர் என்று எப்படி எழுதுவது? வேறு காரணம் தேடி வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடந்தார். அலுவலகம் மூடுகிற நேரம் வந்தது. பதினேழாவது முறையாக அவர் ஒன்றும் எழுதவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்குத் திருச்சி போகிற கார் வாசலில் வந்து நின்றது. பையை ஏற்றியாயிற்று. ஹுமைரா டீ கொண்டுவந்தாள். நெளிந்த டம்ளரில்.

சார் டம்ளரையும் அவளையும் பார்த்தார்.

“கிளாஸை எல்லாம் கழுவித் தொடைச்சு ஷோகேஸ்ல வச்சுப் பூட்டியாச்சு வாப்பா. இனி அடுத்த லீவுக்குத்தான் எடுக்கணும். இதுல குடிச்சிக்கிறீங்களா?”

அந்த டம்ளர் கொதிக்கும். எங்கே பிடித்தால் சுடாது என்பது அதில் தினமும் குடிக்கிறவர்களுக்குத் தெரியும். சார் இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

“அங்கன இல்ல வாப்பா, நெளிஞ்ச பக்கம் பிடிங்க” என்று ஹுமைரா அவர் விரல்களை எடுத்து வைத்துக் காட்டினாள்.

வாசலில் கார் இரண்டாவது முறை ஹாரன் அடித்தது. சார் ஊதி ஊதி, ரொம்ப மெதுவாகக் குடித்தார்.