ஆக்னஸ் அக்கா கழித்துப் போட்ட ஐந்து

ஹைதராபாத் அல்வாலில் என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் ஆக்னஸ் அக்கா. நாகர்கோவில்காரர். ராணுவத்துக்குச் சரக்கு வாங்கும் அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை இல்லாத எதுவும் அவர் மேசையைத் தாண்டியதில்லை. அந்தப் பழக்கம்தான் அவரை ஒருமுறை கவிழ்த்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆபிட்ஸ் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைச் சந்தையில் டென்மார்க்கின் ஐந்து ஓரே காசு ஒன்று அவர் கையில் அகப்பட்டது. லென்ஸில் பார்த்தார். இதய வடிவில் இருக்கவேண்டிய குட்டி முத்திரையைக் காணோம். கழிவு என்று குவியலிலேயே திரும்பப் போட்டுவிட்டார்.

பிறகுதான் படித்தார். டென்மார்க்கின் கீழ் தன்னாட்சியோடு இருக்கும் சின்னஞ்சிறு ஃபாரோ தீவுகளுக்கு, போர்க்காலமான 1941இல் லண்டனில் சில்லறை அடித்தார்களாம். அச்சு அசல் டென்மார்க் காசு. கோப்பன்ஹேகன் முத்திரை மட்டும் இருக்காது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, இருபத்தைந்து என ஐந்தே நாணயங்கள். அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் மற்ற நான்கையும் எப்படியோ தேடிப் பிடித்தார். ஐந்து மட்டும் சிக்கவே இல்லை.

போன மாதம் நடைபாதைக் கடைக்காரர் வாய் திறந்தார். வெளிநாட்டுக் குவியலை மொத்தமாக அள்ளிப்போகிறவர் தார்நாகாவில் இருக்கும் விஸ்வநாத், ஓய்வு பெற்ற விஞ்ஞானி. நான்தான் காரில் அழைத்துப் போனேன்.

"அக்கா, அது ஃபாரோ காசுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பழைய காசுன்னு கேட்டு வாங்கிட்டு வந்துடலாம்" என்றேன்.

"முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் சரக்குல குறை எழுதியாச்சு மக்களே. நிறையும் எழுதணும் இல்லியா?"

விஸ்வநாத் சேர்ப்பது தேசத்துக்கு ஒரு காசு. நூற்று நாற்பத்திரண்டு சேர்ந்திருந்தது. மிச்சமெல்லாம் பிஸ்கட் டப்பாவில். அக்கா கிளறினார். 1941, வெண்கலம், ஐந்து. எடுத்து லென்ஸில் பார்த்தார்.

"அதுவா? நக்கோ, அது வேண்டாம் மேடம், முத்திரை தேஞ்ச காசு. வேணும்னா சும்மாவே எடுத்துண்டு போங்கோ."

நான் அக்காவின் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"சும்மா வேண்டாம் சார். இது டென்மார்க்கே இல்ல. ஃபாரோ தீவு."

"நாப்பது வருஷம் லேப்ல இருந்தவன்கிட்ட சொல்றேள். ஆதாரம்?"

"தேஞ்சிருந்தா தேதியும் சேந்து தேஞ்சிருக்கும். தேதி கூரா நிக்கி, முத்திரை எடம் மட்டும் மழமழன்னு கெடக்கு. அது தேஞ்சதில்ல, அடிக்கவே இல்ல. பொறவு, அந்த வருஷம் கோப்பன்ஹேகன்ல ஐஞ்சு அடிச்சது அலுமினியத்துல. இது அலுமினியமா? தூக்கிப் பாருங்க."

விஸ்வநாத் தராசை எடுத்தார். புத்தகத்தைப் புரட்டினார். "ஹவ், ஆமா!" என்றார். அடுத்த நொடியே காசைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"அப்போ இது எனக்கு நூத்தி நாப்பத்தி மூணு! தரமாட்டேன்."

அக்கா அசரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஓர் இருபத்தைந்து, நேற்று அடித்ததுபோல மின்னியது.

"என்கிட்ட இது ரெண்டு கெடக்கு. அதே தீவு, அதே வருஷம். உங்களுக்குத் தேசத்துக்கு ஒண்ணு போதும். அந்த ஒண்ணு கறுத்ததா இருக்கணுமா, மின்னுறதா இருக்கணுமா?"

இரண்டையும் மாற்றி மாற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார் விஸ்வநாத். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், நீங்க பரிசோதகரா, வியாபாரியா?"

"ரெண்டுக்கும் சேத்து ஒரு பென்ஷன்தான் சார்."

அவர் சிரித்துவிட்டார். உள்ளங்கை விரிந்தது.

அக்கா அங்கேயே, சாப்பாட்டு மேசையிலேயே, ஆல்பத்தைத் திறந்தார். காலியாக இருந்த நடுக் கட்டத்துக்குள் ஐந்தைச் செருகினார். "போட்டோ எடு மக்களே. என் கையும் விழணும்."

நகர நாணயக் குழுவுக்குப் படத்தை அனுப்பினார். திரும்பும் வழியில் மெட்டுகூடா தாண்டுவதற்குள் நாற்பது வாழ்த்துகள். கூடவே விஸ்வநாத்தின் அழைப்பு.

"மேடம், என் டப்பாவுல இன்னும் என்னென்ன ஒளிஞ்சிண்டிருக்கோ! ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துச் சொல்லணும்."

"வாறேன் சார். ரெண்டு உறை கூடுதலாவே கொண்டு வாறேன்" என்றார் ஆக்னஸ் அக்கா.