கொட்டாஞ்சேனைப் பெட்டியின் இரைச்சல்

1. கவுண்டரில் வைத்த பெட்டி

கொட்டாஞ்சேனைக்குச் செய்து கொடுத்த பவர் சப்ளை இரண்டாம் முறையும் திரும்பி வந்தது. முதலாளி அதை உள்ளே என் மேசைக்குக் கொண்டுவரவில்லை. முன்னால், பில் எழுதும் கவுண்டரில் வைத்தார்.

“பிள்ளை, மூண்டாந்தரமும் இது திரும்பி வந்துதெண்டால் நீர் பழையபடி இஞ்ச வந்து இரும். உள்ளுக்கு வேற ஆளைப் பாக்கிறன்.”

“பிழை எங்கயெண்டே இன்னும் தெரியல்ல சேர்.”

“அதைத்தானே நானும் சொல்லுறன்.”

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வேர்க்‌ஷொப் இருக்கிறது. நான் இலத்திரனியல் டிப்ளோமாவுடன் வேலைக்குப் போன முதல் நாள் என்னிடம் தரப்பட்டது பில் புத்தகம். பொம்பிளைப் பிள்ளைக்குக் கையெழுத்து வடிவாக இருக்கும் என்று காரணமும் சொன்னார்கள். எட்டு மாதம் கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே மேசை கிடைத்தது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். சம்பளத்துக்குப் பெருவிரல் வைப்பவர். எங்கள் குடும்பத்தில் தன் பெயரைத் தானே எழுதிய முதல் ஆள் நான். ஒரு பெட்டி இரைகிறது என்பதற்காக அந்த மேசையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பெட்டி என்றால், பன்னிரண்டு வோல்ட் சுவிச்சிங் பவர் சப்ளை ஒன்றும் அதோடு சேர்ந்த பட்டரி சார்ஜரும். கொட்டாஞ்சேனையில் புஷ்பம் அக்கா நடத்தும் கொமியூனிகேஷனில் ஐந்து போன் கூடுகள். சனம் அங்கே வரிசையில் இருந்து கனடாவுக்கும் லண்டனுக்கும் பேசும். கரண்ட் போனாலும் கோல் அறுந்துபோகாமல், கூடுகளை இணைக்கும் சின்ன எக்ஸ்சேஞ்சை எங்கள் பெட்டிதான் ஓட்டவேண்டும். போன வருடம் கொடுத்த சிறிய பெட்டி சத்தமில்லாமல் வேலை செய்தது. இரண்டு கூடுகள் கூட்டியபோது பெரிதாக ஒன்று கேட்டார். அந்தப் பெரிய பெட்டியை மாட்டிய நாளிலிருந்து ஐந்து கூட்டிலும் இரைச்சல்.

2. மைக்ரோ ஃபரட் பக்தி

முதல் முறை திரும்பி வந்தபோது அவுட்புட் கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. முதலாளிக்குக் கெபாசிட்டரில் ஒரேயொரு நம்பிக்கை: மைக்ரோ ஃபரட் கணக்கில் கொள்ளளவு கூடினால் அவுட்புட்டின் அலைப்பு, ரிப்பிள், குறையும். சோடா அடைத்த தகர ரின் அளவில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

“இதைப் போடும். சாகும் வரைக்கும் நிக்கும்.”

போட்டேன். அரை மணித்தியாலம் லோட் கொடுத்துத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு.

அளவு மட்டும் பார்த்துக் கெபாசிட்டர் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுவிச்சிங் சப்ளையில் அவுட்புட் கெபாசிட்டர் தண்ணீர்த் தாங்கிபோல் சும்மா நிரம்பி நிற்பதில்லை. செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை அதற்குள் கரண்ட் ஏறி இறங்குகிறது. அதுதான் ரிப்பிள் கரண்ட். ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் உள்ளே ஒரு சின்னத் தடை உண்டு. அந்தத் தடையில் ரிப்பிள் கரண்ட் ஓடும்போது சூடு பிறக்கிறது, சூட்டில் உள்ளிருக்கும் திரவம் காய்கிறது, தலை உப்புகிறது. சாதாரண வகையில் பெரியதைப் போட்டாலும் உள்தடை வேண்டிய அளவுக்குக் குறையாது. உள்தடை குறைந்த, நூற்றைந்து பாகைச் சூடு தாங்கும் வகையில் சிறியவை நான்கை அருகருகே சமாந்தரமாகப் போட்டால் கரண்ட் நான்காகப் பிரியும். சூடும் குறையும், ரிப்பிளும் குறையும். கால்களை ஒட்ட வெட்டித்தான் போடவேண்டும். நீளமாக விட்டால் அந்தக் காலே வேண்டாத சுருளாகிவிடும்.

இதை முதலாளியிடம் சொன்னேன்.

“நாலு சின்னனோ? நான் இந்தத் தொழிலுக்கு வரேக்க நீர் பிறக்கேல்லை.”

“அப்ப இருந்த சப்ளை இதில்ல சேர். அது இரும்பு ட்ரான்ஸ்ஃபோமர். இது வேற சாமான்.”

“வாய்க்குக் குறைச்சலில்லை.”

புறக்கோட்டையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டாவது கடைக்காரர், “மிஸ், யாருக்கு வாங்குறீங்க, அண்ணனுக்கா?” என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். நம்பாமல் பழைய கம்ப்யூட்டர் போர்டிலிருந்து கழற்றியதை எடுத்து நீட்டினார். மூன்றாம் கடையில் புதியவை கிடைத்தன. போட்டு ஸ்கோப் திரையில் அலையைப் பார்த்தபோது ரிப்பிள் ஐந்தில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன், இளஞ்சூடுதான். பெருமையோடு அனுப்பினேன்.

அதுதான் இரண்டாம் முறை திரும்பி வந்து கவுண்டரில் இருந்தது.

மறுபடி ஸ்கோப்பில் போட்டேன். அவுட்புட் வயரில் ஒரு குறையும் இல்லை. இனி மேசையில் வைத்துப் பார்த்துப் பயனில்லை, பெட்டியோடு நானே அங்கே போகிறேன் என்றேன்.

“போம். வரேக்கப் பெட்டியோட வரவேண்டாம்” என்றார் முதலாளி.

3. கம்பியில் வராத இரைச்சல்

த்ரீவீலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கோட்டைக்குக் கிட்டச் செக்பொயின்றில் இறக்கினார்கள். ஆமிக்காரன் பெட்டியைக் காட்டி, “மேக்கே மொனவத தியென்னே, நங்கி?” என்றான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் கேட்கும்போதே கண்ணாடிபோன்ற மூடிக்குள்ளால் குனிந்து பார்த்துவிட்டான். போகச் சொன்னான்.

அந்த பெர்ஸ்பெக்ஸ் மூடி முதலாளியின் ஏற்பாடு. முன்பு எங்கள் பெட்டிகள், புஷ்பம் அக்காவுக்குப் போன வருடம் கொடுத்தது உட்பட, முழுக்க இரும்பு. வயரும் பட்டரியுமாக மூடிக் கிடக்கும் இரும்புப் பெட்டியை இந்தச் சண்டைக் காலத்தில் ஒரு தமிழ் ஆள் கொண்டுபோனால் குண்டு என்றுதான் நினைப்பார்கள். ஒருநாள் எங்கள் டெலிவரிக்காரரை மத்தியானம் வரைக்கும் மறித்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு செய்த பெட்டிகளுக்கெல்லாம் மேல் மூடி பெர்ஸ்பெக்ஸ். எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது. நின்று யோசிக்கவேண்டிய விஷயமாக ஒருவருக்கும் படவில்லை. எனக்கும்தான்.

புஷ்பம் அக்கா என்னைக் கண்டதும் இடுப்பில் கைவைத்தார்.

“வா தங்கச்சி. நான் போன் கடை வைச்சிருக்கேன்னு நினைச்சேன். நீங்க எனக்குத் தேன்கூடு வைச்சுத் தந்திருக்கீங்க.”

“பெட்டிய மாட்டிப் பார்ப்பம் அக்கா.”

“மாட்டு, மாட்டு. இங்க வாறவங்க கத்திற கத்தில, யார் மகன் யாரக் கட்டப்போறான், சீதனம் எவ்வளவுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். பாதர் பாவசங்கீர்த்தனம் கேக்கத் தேவையில்ல, இந்த வாசல்ல வந்து நின்டாப் போதும்.”

மாட்டினேன். ரிசீவரைக் காதில் வைத்தேன். கொய்ங் என்று இரைந்தது. அவுட்புட் வயரை முறுக்கிப் பார்த்தேன், இரைச்சலை மறிக்கும் ஃபெரைட் வளையத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. மூன்று பேர் வரிசையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

செய்தி நேரம் என்று அக்கா சின்ன ரேடியோவைத் திருகி, இடமில்லாமல் எங்கள் பெட்டியின் மூடிமேல் வைத்தார். ரேடியோ செய்தி வாசிக்காமல் காட்டுக் கத்தல் கத்தியது.

“பார்த்தியா, ரேடியோவுக்கும் தொத்திட்டுது!”

நான் ரேடியோவை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் பிடித்தேன். கத்தல் அடங்கியது. மூடிக்கு மேலே பிடித்தேன், கத்தியது. மறுபக்கம், அடங்கியது. பக்கமெல்லாம் இரும்பு. மேலே மட்டும் பெர்ஸ்பெக்ஸ். சரியாக அதற்கு மேல் தட்டில்தான் அக்காவின் எக்ஸ்சேஞ்ச் இருந்தது.

இரைச்சல் கம்பி வழியாக வரவில்லை. மூடி வழியாகக் காற்றில் ஏறியிருக்கிறது. நான் வாரக்கணக்கில் கம்பியைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

“அக்கா, அந்த பிஸ்கட் ரின்ட மூடியத் தாங்க.”

“பசிக்குதா?”

ரின் மூடியைப் பெட்டிமேல் கவிழ்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. பெட்டியின் விளிம்பில் பெயிண்ட் பூசியிருந்தது. இரும்பும் தகரமும் ஒன்றையொன்று தொடவில்லை. ஸ்குரூட்ரைவரால் நாலு மூலையிலும் பெயிண்டைச் சுரண்டி, மூடியை அழுத்திப் பிடித்தேன். ரேடியோ, ஒன்றும் நடக்காததுபோல், செய்தி வாசித்தது.

4. வலை மூடி

பெட்டியோடுதான் திரும்பி வந்தேன். பிழை பிடிபட்டுவிட்டது, இரும்பு மூடி போடவேண்டும் என்றதும் முதலாளிக்குக் கோபம் வந்தது.

“போட்டால் ஆர் அதைச் செக்பொயின்றால கொண்டு போறது? நீரோ?”

“ஓம், நான்தான்.”

“விசர்க் கதை கதையாதேயும்.”

பைத்தியக் கதை இல்லை என்று காட்ட, ஜன்னலுக்கு அடிக்கும் சின்னக் கண் கம்பி வலையை அளவாக வெட்டி, தகரச் சட்டத்தில் சுற்றிவரச் சோல்டர் செய்தேன். பெட்டி விளிம்பில் பெயிண்ட் இல்லாமல் தேய்த்து, ஓர் அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ போட்டேன். இந்த இரைச்சலுக்கு வலையும் தகடும் ஏறக்குறைய ஒன்றுதான். கண் சிறிதாயும் ஓரம் விடாமல் தொட்டபடியும் இருந்தால் சரி. மனுசக் கண்ணுக்கு மட்டும் உள்ளே தெரியும்.

முதலாளி வலையைத் தூக்கிப் பார்த்தார். “கோழிக்கூடு மாதிரிக் கிடக்குது.”

செக்பொயின்றில் அதே ஆமிக்காரன் இல்லை. புதியவன் வலைக்குள்ளால் டோர்ச் அடித்துப் பார்த்தான், பெட்டியைக் குலுக்கிப் பார்த்தான், என் அடையாள அட்டையை இரண்டு தரம் வாசித்தான். இருபது நிமிஷம் வெயிலில் நின்றேன். மூடியைக் கழற்றச் சொல்லவில்லை. “ஹரி, யன்ன” என்று போகச் சொன்னான்.

கொட்டாஞ்சேனையில் மாட்டியபோது வரிசையில் முதலாவதாக ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தா. லொட்ஜில் தங்கி, வெளிநாட்டுக்குக் கூப்பிடும் மகனின் ஸ்பொன்சருக்குக் காத்திருப்பவ. கூட்டுக்குள் போய்க் கதவைத் திறந்தபடி விட்டுப் பழக்கத்தில் கத்தினா: “தம்பி! அம்மா கதைக்கிறன்! கேக்குதே?”

பிறகு திடுக்கிட்டு நிறுத்தினா. மறுபக்கத்தைக் கொஞ்ச நேரம் கேட்டா. எங்களைத் திரும்பிப் பார்த்தா. கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினா. அதற்குப் பிறகு அவ என்ன சொன்னா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

புஷ்பம் அக்கா வேர்க்‌ஷொப்புக்கு நம்பரைச் சுழற்றத் தொடங்கினார்.

“அக்கா,” என்றேன், “வேலை சரியெண்டு மட்டும் சொல்லாதீங்க. ஆர் செய்ததெண்டும் சொல்லுங்க.”

சொன்னார், என் முழுப் பெயரையும், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

இப்போது எல்லாப் பெட்டிக்கும் வலை மூடி. வாடிக்கையாளரிடம் அது தன்னுடைய டிசைன் என்று முதலாளி சொல்கிறார், சொல்லட்டும். பில் எழுத ஒரு பெடியனை எடுத்திருக்கிறார், அவன் கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சாமான் பிழைத்தால் ஸ்கோப்பை எடுக்கமுன், கடைசியாக எதை மாற்றினோம் என்று கேளுங்கள். பயத்தில் மாற்றியதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். ஆமிக்குச் செய்த மூடியை நாங்கள் மின்சாரத்தோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. மின்சாரம் யோசித்தது.