ரன் படித்த கங்காணி

கட்டுகஸ்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் சுந்தரலிங்கம் ஒரு சில்லறைக் கங்காணி, கொழுந்து பறிக்கும் ஒரு சின்னக் கூட்டத்துக்கு மேற்பார்வை. கண்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் இங்கிலீஷ் படித்தவர். அப்பா இறந்ததும் மலைக்குத் திரும்பிவிட்டார். மூன்று வருட இங்கிலீஷை வைத்துக்கொண்டு தேயிலைச் செடியோடு என்ன பேசுவது? அது அவருக்குள்ளேயே கிடந்தது.

1931இல் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர் வேலை காலியானது. அந்த வேலையோடு இரண்டு அறையும் சமைக்கத் தனிக் குசினியும் உள்ள ஒரு வீடு வரும். சுந்தரலிங்கத்துக்கு வேலையை விட அந்த வீட்டின் மேல்தான் ஆசை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவருடைய ஒற்றை அறைக் காம்பரா ஒரு பொத்தல் தகரத்தின் கீழ் இருந்தது. போன மாரியில் முதல் பிள்ளை சளி கட்டி, ஐந்து மாதத்தில் போய்விட்டது. இப்போது மனைவி அங்கம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

"இந்தப் புள்ளையயும் மழைக்குக் குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். அவள் அதை ஒரு தரம்தான் சொன்னாள்.

தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவில் சமையல் செய்யும் கறுப்பையா ஒரு ரகசியம் கொண்டுவந்தான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்பதில் அவன் கெட்டிக்காரன். "முந்தாநாள் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரு கிளாக்கர் வேலைக்கு வந்தாருங்க. தொரை 'ரன்'னு ஒரு இங்கிலீஷ் வார்த்தையத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. அவரு இங்கிலீஷ்ல நாலு அர்த்தம் சொன்னாரு. தொரை தலையில கைய வச்சிக்கிட்டுப் போகச் சொல்லிட்டாரு."

நாலு அர்த்தம் போதவில்லை என்றால் எத்தனை போதும்? சுந்தரலிங்கம் ஞாயிற்றுக்கிழமை பாலத்தடிக்கு இறங்கிப் போனார். அங்கே சாஹுல் ஹமீது நானாவின் பழைய சாமான் கடையில், ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஏலத்தில் விட்டுப்போன பெரிய இங்கிலீஷ் அகராதி ஒன்று தராசுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"வெளிய குடுக்கேலாது தம்பி, தராசு சாஞ்சிடும்" என்றார் நானா. "இங்கேயே இருந்து எழுதிக்கிட்டுப் போங்க. ஆராச்சும் சாமான் நிறுக்க வந்தா மட்டும் கொஞ்சம் தூக்கித் தாங்க."

மூன்று ஞாயிறு. எழுதுவதும் ஆள் வந்தால் அகராதியைத் தராசுக்குக் கொடுப்பதுமாக, நாற்பத்துமூன்று அர்த்தங்கள் அப்பியாசக் கொப்பியில் ஏறின. அதன்பிறகு காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போதும், கொழுந்து மலையில் குடையோடு நிற்கும்போதும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கங்காணிக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று லயத்தில் பேச்சு.

அங்கம்மாவுக்கும் அவர் ஒப்புவித்துக் காட்டினார். மூக்குக்கும் ரன், குழாய்க்கும் ரன், சேலைச் சாயத்துக்கும் ரன், கடை நடத்துவதும் ரன், அந்த வருடம் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த தேர்தலில் நிற்பதும் ரன்.

"வெள்ளைக்காரனுக்கு வேற சொல்லே கெடைக்கலையா?" என்றாள் அவள். "ஒத்தச் சட்டி வச்சிருக்கிறவ மாதிரி, சோறும் அதுலதான் கொழம்பும் அதுலதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிள்ளை போன அந்த மாரிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

நேர்முகத்துக்குச் சுந்தரலிங்கம் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். பங்களா விறாந்தையில் தொரை கதிரையில் உட்கார்ந்திருந்தார். இவர் படிக்குக் கீழே நின்றார். தொரை "ரன்" என்று வாய் திறந்ததுதான் தாமதம், இவர் இங்கிலீஷில் ஒன்றாவது அர்த்தத்தில் தொடங்கி மூச்சு விடாமல் போனார். பதினேழாவதில் தொரை கையைத் தூக்கினார்.

"இங்கிலீஷ் வாணாம்! அது எங்க அம்மா சொல்லிக் குடுத்தாச்சு. தமிழ்! தமிழ்ல சொல்லு!"

அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. தொரைமார் தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் பெரிய தோட்டம் கிடைக்கும் என்பது அவருடைய கம்பெனியின் சட்டம். தொரை எழுதிய பரீட்சையில் 'ரன்' எல்லாம் 'ஓடு' ஆகி, மூக்கு ஓடியது, குழாய் ஓடியது, சாயமும் ஓடியது. தொரை பெயில். அன்றிலிருந்து கிளாக்கர் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்கப் பார்த்தார். கிளாக்கர் வேலைக்கு வருகிறவனிடம் இங்கிலீஷைத் தவிர வேறு எதைக் கேட்பார்கள்? 'ரன்' என்று காதில் விழுந்ததுமே எல்லாரும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னார்கள்.

"மூக்கு?" என்றார் தொரை.

"ஒழுகுதுங்க தொரை."

"கடை?"

"நடத்துறதுங்க."

"சாயம்?"

"போகுதுங்க."

தொரை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. "ஒழுகுது... வேற எது ஒழுகுது?"

சுந்தரலிங்கம் இரவல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று பட்டது. "கூரைங்க தொரை. எங்க காம்பராவுல கூரை ஒழுகுது."

"வெரி குட்!" தொரை அதை முழு வாக்கியமாக எழுதினார். எழுதியதை மூன்று தரம் சத்தமாகச் சொல்லியும் பார்த்தார்.

வேலையைப் பற்றித் தொரை சொன்னது சுருக்கமாக இருந்தது. "நீ கிளாக்கர் வந்தா எப்பவும் இங்கிலீஷ் பேசுவே. எனக்குத் தமிழ் ஆள் வேணும். நீ மலையிலேயே இரு. சாயந்தரம் பங்களா வா."

ஆபீஸ் வேலையும் வீடும் கொழும்பிலிருந்து வந்த ஒரு பையனுக்குப் போயின. சுந்தரலிங்கம் எட்டு மாதம், வேலை முடிந்து, பங்களா படிக்குக் கீழே நின்றபடியே தமிழ் சொல்லிக் கொடுத்தார். கூரை ஒழுகுது என்ற அந்த வாக்கியத்தை வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லவைத்தார். தொரையும் சளைக்காமல் சொன்னார். கடைசிக் காலத்தில் கண்ணை மூடிக் கேட்டால் லயத்து ஆள் ஒருவன்தான் முறையிடுகிறான் என்று தோன்றும்.

அடுத்த மாரியில் தொரை பாஸ் பண்ணி, பெரிய தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது சுந்தரலிங்கத்துக்கு ஒரு புது அகராதி பரிசு கொடுத்தார். தடித்த அட்டை, பொன் எழுத்து. மழையில் அதைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு அவர் காம்பராவுக்கு வந்தார். நனையாத இடம் தேடினார். ஒரு மூலைதான் இருந்தது. அதில் இரண்டு மாதப் பிள்ளை இருமிக்கொண்டு கிடந்தது.

"அத்தன மாசமா சொல்லிக் குடுத்தீங்களே, கூரை ஒழுகுதுன்னு" என்றாள் அங்கம்மா. "அவருக்கு வெளங்கவே இல்லையா?"

"வெளங்கிச்சு" என்றார் சுந்தரலிங்கம். "பரீட்சையில அதுக்குத்தான் முழு மார்க்காம்."

அவள் அகராதியை அவர் கையிலிருந்து வாங்கி, நடுப்பக்கத்தில் விரித்து, பிள்ளையின் தலைமாட்டில் சாரல் படாமல் கூடாரம் போல நிறுத்திவைத்தாள்.