மாடி அறைக்கு வாங்கிய கம்புகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓர் அறை கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு வந்தால், கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் படுக்க ஓர் இடம், அவ்வளவுதான். செங்கல் வந்தது, சாரம் கட்டச் சவுக்குக் கம்புகளும் வந்து மாடியில் ஏறின. அந்தச் சமயம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரருக்கு விவசாயக் கிறுக்குப் பிடித்தது.

மணிமுத்தாறு போகிற வழியில் ஓர் ஏக்கர் வாங்கினார். ஏத்தன் வாழை போட்டால் ஓணத்துக்குக் கேரளத்து வியாபாரிகள் தோட்டத்துக்கே வந்து வாங்குவார்கள் என்று யாரோ ஏற்றிவிட்டிருந்தார்கள். கொத்தனாருக்கென்று வைத்திருந்த பணம் கன்றாகவும் மோட்டாராகவும் பன்றி வேலியாகவும் போனது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தோட்டத்துக்கு முதல் ஆளாகக் கிளம்பியதும் நான்தான்.

எல்லாச் செலவையும் யோசித்த மனிதர் முட்டுக் கம்பை விட்டுவிட்டார். காற்றடங்கிய மாதத்தில் வாழையைப் பார்த்துவிட்டு வந்தவர் அல்லவா! குலை தள்ளிய மரம் ஆனிக் காற்றுக்குத் தாங்காது, முட்டுக் கொடுங்கள் என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி சொன்னதற்கும், “பாத்துக்கலாம்” என்றிருக்கிறார்.

காற்று புறப்பட்டது. அம்பாசமுத்திரம் முழுக்கத் தேடியும் கடைகளில் கம்பு தீர்ந்துவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்தவர் மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மாடியைப் பார்த்தார்.

“கேட்டுத்தான் தொலையுங்களேன்” என்றேன்.

“எப்படிட்டி கேக்க? அது ஒன் ரூமுல்லா.”

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழுதுகொண்டே முதல் கம்பை இறக்கியது நான்தான். லோடு ஆட்டோவில் கொண்டுபோய், அவர் ஊன்ற ஊன்ற நான் கயிறு கட்டினேன். கட்டுவதற்குள் நாலைந்து மரம் கண்ணெதிரே சாய்ந்தது. மீதி நின்றது. பொழுது சாய வரப்பில் உட்கார்ந்து, மண் அப்பிய கையோடு பன்னைப் பிய்த்துத் தின்றோம். என் தலைமுடி முழுக்க வாழைச் சருகு என்று அவர் சிரித்தார். அவர் மீசையிலும் மண் என்று நான் சிரித்தேன். அந்தச் சாயங்காலத்துக்காக எனக்கு இன்னும் மனசு ஏங்கும்.

கம்புகளின் அடியைக் கரையான் தின்றுவிட்டது. அறைப் பேச்சு அத்தோடு நின்றது. பல வருடம் கழித்து அவருக்கு முழங்கால் தேய்ந்து வரப்பில் நடக்க முடியாமல் போனபோது, தோட்டத்தை விற்று அந்தப் பணத்தில் அறையைக் கட்டினோம். பெரிய சன்னல், நல்ல கட்டில், நான் கேட்டபடியே எல்லாம்.

போன ஆனியில் ஒரு மத்தியானம் அங்கே கண்ணயர்ந்திருந்தேன். சன்னல் படபடவென்று அடித்தது. அலறிப்புடைத்துக் கீழே ஓடிவந்து செருப்பை மாட்டிய பிறகுதான் தோட்டம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

வாசலில் அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.